மலை கொடுத்த சமதரை

கண்டிக்குப் போய்வந்தோம் என்று யாரேனும் சொன்னால், "தலதா மாளிகை பார்த்தீர்களா? பேராதனைப் பூந்தோட்டம் பார்த்தீர்களா?" என்று கேட்பதுதான் வழக்கம். "போகம்பரை மைதானம் பார்த்தீர்களா?" என்று கேட்டவர் எவரையும் நாம் இதுகாறும் கண்டதில்லை. ஆகவே இம்முறை வழக்கமான வழியை விட்டு விலகி, அந்நகரின் விளையாட்டு மைதானங்களைச் சுற்றிவரலாம் என்று எண்ணினோம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இந்த யோசனை சிறிதும் பிடிக்கவில்லை. "வெறும் புல்லைப் பார்ப்பதற்கு ரயிலேறிப் போகவேண்டுமா?" என்று கேட்டுவிட்டார்கள். உடன்வர முன்வந்தவன் ஒருவன்தான்: ஆறாந் தரத்திற் படிக்கும் நம் மருமகன். கையில் ஒரு டென்னிஸ் பந்தையும் மறவாமல் எடுத்துக்கொண்டான்.

கண்டியின் மைதானங்களைப் பற்றிப் பேசுமுன், அந்நகரின் நில அமைப்பை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில், நாற்புறமும் குன்றுகள் காவல் நிற்க, மூன்று பக்கங்களில் மகாவலி கங்கை வளைந்தோட, ஒரு கிண்ணத்தின் அடியிற் கிடப்பதுபோற் கிடக்கிறது நகரம். பகைவருக்கு எளிதில் எட்டாத இடம் என்பதனாலேயே மன்னர்கள் இதனைத் தலைநகராக்கினார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் உள்ளே புகுந்தபோதிலும் நிலைகொள்ள முடியாமல் திரும்பினார்கள். ஆனால் போருக்கு அரணாகும் நிலம் பந்தாட்டத்துக்கு ஆவதில்லை. கிரிக்கட் ஆட ஏறக்குறைய நூற்றைம்பது கஜ அகலத்துக்குச் சமதரை வேண்டும். ரக்பிக்கும் நீளத்தில் நூறு கஜத்துக்குக் குறையாமல் வேண்டும். கண்டியில் அத்தனை பெரிய சமதரையை இயற்கை எங்கே வைத்திருக்கிறது? மைதானம் வேண்டியவர்கள் ஒன்று குளத்தைத் தூர்க்கவேண்டும், அல்லது மலையை வெட்டவேண்டும், இரண்டும் முடியாவிட்டால் நகரை விட்டு வெளியேற வேண்டும். இம்மூன்றும் கண்டியில் நடந்திருக்கின்றன.

ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையிலேயே போகம்பரை மைதானம் வந்துவிடுகிறது. சந்தையின் சத்தமும் குட்ஷெட் பஸ் நிலையத்தின் புகையும் சூழ்ந்த இடம். ஓட்டப் பாதை, பார்வையாளர் மேடை, நடுவே பசும்புல். "இதுதானா மாமா?" என்றான் மருமகன். அவன் ஏமாற்றத்திலும் நியாயம் உண்டு. இம்மைதானத்தின் சிறப்பு கண்ணுக்குத் தெரிவதன்று, காலடியில் இருப்பது.

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மதுரை நாயக்கர் வழியில் வந்தவன், கண்ணுசாமி என்பது இயற்பெயர். இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடிக்கும் கண்டி ஏரியை 1807-ஆம் ஆண்டளவில் வயல்வெளியாய்க் கிடந்த இடத்தில் அணைகட்டி அமைத்தவன் அவனே. அக்காலத்தில் அதற்குத் தென்மேற்கே இன்னொரு நீர்நிலையும் இருந்தது. அதுதான் போகம்பரைக் குளம். மன்னனுக்கெதிராகக் கிளர்ந்த எஹெலபொல அதிகாரத்தின் குடும்பத்தார்மீது 1814-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, பிள்ளைகள் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள், அவர்களின் தாயாகிய குமாரிஹாமி இக்குளத்தில் மூழ்கடிக்கப்பட்டாள். மறு ஆண்டே இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. மன்னன் வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832-இல் மறைந்தான். புதிய ஆட்சியாளர் காலத்தில் போகம்பரைக் குளம் தூர்க்கப்பட்டது. மன்னன் வயலை நீராக்கினான், வெள்ளையர் நீரைத் தரையாக்கினர். அவ்வாறு கிடைத்த தரையின் ஒரு பகுதிதான் நாம் நின்ற மைதானம். இக்கதையைக் கேட்டபின் மருமகன் புல்லை உற்று நோக்கியவாறு நடந்தான், ஓடவில்லை.

இந்தத் தரையில்தான் இலங்கைப் பாடசாலை ரக்பியின் வரலாறு தொடங்குகிறது. லூயி எட்மண்ட் பிளேஸ் என்பவர் 1891-இல் நிறுவிய பாடசாலையே பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரியாயிற்று. ரக்பியை மாணவர்களுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவரும் அவரே. ஆனால் எதிர்த்தாட வேறு பாடசாலை இல்லை. ஒற்றைக் கையால் எவ்வாறு ஓசையெழுப்புவது? திரித்துவக் கல்லூரி முன்வரும்வரை பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1906-இல் போகம்பரையில் இரு கல்லூரிகளும் மோதின. ஆறுக்கு ஆறு என்று ஆட்டம் சமநிலையில் முடிந்தது. முதல் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு எது?

பிற்காலத்தில் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்குமிடையே நிகழும் பிரட்பி கேடயப் போட்டியும் இங்கேதான் பெருங்கூட்டத்தைச் சேர்த்தது. றோயல் கல்லூரி அதிபராயிருந்த பிரட்பி 1945-இல் வழங்கிய கேடயம் அது. ஆண்டுதோறும் கொழும்பில் ஓர் ஆட்டம், கண்டியில் ஓர் ஆட்டம். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து வெற்றியை முடிவுசெய்வார்கள். கொழும்பில் தோற்றவர் கண்டியில் அதிகப் புள்ளி வித்தியாசத்தில் வென்றால் கேடயம் கைமாறிவிடும். கணக்கில் பின்தங்கிய மாணவர்கள்கூட அன்று கூட்டல் கழித்தலில் வல்லவர்களாகி விடுகிறார்கள் என்று பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.

போகம்பரையை விட்டு அஸ்கிரியவுக்கு ஏறினோம். ஏறினோம் என்பதை அதன் முழுப்பொருளில் வாசகர்கள் கொள்ளவேண்டும். முச்சக்கர வண்டிக்காரர் அழைத்தும் மறுத்துவிட்டு நடந்தமைக்காகப் பாதி வழியிலேயே நாம் வருந்தினோம். சியாம நிகாயத்தின் இரு பீடங்களுள் ஒன்றான அஸ்கிரிய மகா விகாரை இப்பகுதியில்தான் இருக்கிறது. ஒரு திருப்பத்தில் மரங்கள் விலக, மலைமடியில் ஒரு தட்டு வைத்தாற்போல் பச்சை வட்டம் ஒன்று தோன்றியது. ஒருபுறம் மலை வெட்டப்பட்டு மேலே நிற்கிறது, மறுபுறம் நகரம் கீழே கிடக்கிறது. மருமகன் முதன்முறையாக வாய் திறந்து, "ஆ!" என்றான்.

இம்மைதானம் திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமானது. ஒரு பாடசாலைக்கு உரிய மைதானத்தில் டெஸ்ட் ஆட்டங்கள் நடைபெறுவது உலகிலேயே அபூர்வம். 1872-இல் தொடங்கிய இக்கல்லூரிக்கு 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்தவர் அலெக்சாந்தர் கார்டன் பிரேசர் என்ற பாதிரியார். பின்னாளில் ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டிற்குச் சென்று அச்சிமோட்டாக் கல்லூரியை உருவாக்கியவரும் அவரே. பாடசாலைக்கு மைதானம் வேண்டும், நிலமோ மலையாயிருக்கிறது. சரி, மலையை வெட்டுவோம் என்று துணிந்தார். மண்வெட்டியும் கூடையுமே கருவிகளாயிருந்த காலத்தில் குன்றின் சரிவைக் குடைந்து சமன்செய்து, 1915-இல் மைதானத்தைத் திறந்தார்கள். அதிபரின் பெயரை வரலாறு சொல்கிறது. கூடையில் மண் சுமந்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை.

அதே கல்லூரியின் மாணவராயிருந்த டங்கன் வைட் 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த பதக்கத்தைச் சுசந்திகா ஜயசிங்க 2000-இல் சிட்னியிலிருந்து கொண்டுவரும்வரை நாடு ஐம்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1948 என்ற ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும், மறுபடியும் அதனிடம் வருவோம்.

இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தபோது, அக்காலத்துக் கிரிக்கட் சபைத் தலைவரும் இக்கல்லூரியின் பழைய மாணவருமான காமினி திசாநாயக்க அஸ்கிரியவுக்கு ஒரு டெஸ்ட் ஆட்டத்தைக் கொண்டுவர முனைந்தார். 1983 ஏப்பிரல் 22-ஆந் திகதி அவுஸ்திரேலிய அணி இங்கே களமிறங்கியது. நான்கு விக்கட் இழப்புக்கு 514 ஓட்டங்களைக் குவித்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. டேவிட் ஹூக்ஸ் தம் வாழ்நாளின் ஒரே டெஸ்ட் சதத்தை அடித்தது அன்றுதான். இலங்கை ஓர் இன்னிங்ஸாலும் 38 ஓட்டங்களாலும் தோற்றது. ஆயினும் தோல்வியை அன்று யாரும் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். மலைக்குள் மறைந்துகிடந்த பாடசாலை மைதானம் உலக வரைபடத்தில் இடம்பெற்றுவிட்டதல்லவா?

மூன்று மாதம் கழிந்தது. ஜூலை வந்தது. அந்த ஜூலையைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. கண்டியிலும் தமிழர் வீடுகளைத் தேடிக் கும்பல்கள் வந்தன. அந்நாட்களில் இந்நகரிலுள்ள ஒரு சிங்கள வழக்கறிஞரின் வீட்டில் முப்பத்தைந்து தமிழ் நண்பர்கள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அவ்வீட்டின் கடைக்குட்டிக்கு அப்போது ஐந்து வயது. நண்பர்களெல்லாம் வீட்டிலேயே தங்கிப் பகல் முழுவதும் தன்னோடு விளையாடுவது அவனுக்குப் பேரானந்தமாயிருந்தது. எல்லாம் ஓய்ந்தபின் தந்தையிடம் சென்று, இதுபோல் ஆண்டுதோறும் நடக்குமா என்று கேட்டானாம். அச்சிறுவன் திரித்துவக் கல்லூரியிற் படித்து, அஸ்கிரியவில் ஆடி, இலங்கை அணியின் தலைவனானான். குமார் சங்கக்கார 2011-இல் இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆற்றிய கௌட்ரி நினைவுரையில் இதைத் தாமே எடுத்துச் சொன்னார்.

மேடைப் படியிலமர்ந்து இக்கதையை மருமகனுக்குச் சொன்னோம். "ஆண்டுதோறுமா?" என்று கேட்டான். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டேயிருந்தான்.

அஸ்கிரியவின் பிற்கால வரலாறு மகிழ்ச்சிக்குரியது. 1996 மார்ச் 6-ஆந் திகதி உலகக் கிண்ணப் போட்டியில் கென்யாவுக்கெதிராக இலங்கை ஐந்து விக்கட்டுக்கு 398 ஓட்டங்கள் எடுத்தது. அன்று அது ஒருநாள் ஆட்டத்தில் உலக சாதனை. அரவிந்த டி சில்வா மட்டும் 145. மைதானம் சிறிது, அடித்த பந்துகள் மலையேறிவிட்டன என்று குறைகூறியவர்களும் உண்டு. மைதானம் இரு அணிக்கும் ஒரே அளவுதானே என்பது நம் கட்சி. 1999 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவை இலங்கை முதன்முதலாக டெஸ்ட் ஆட்டத்தில் தோற்கடித்ததும் இங்கேயே. அந்த ஆட்டத்தில்தான் ஸ்டீவ் வோவும் ஜேசன் கிலெஸ்பியும் ஒரே பந்தைப் பிடிக்க ஓடி மோதி, ஒருவருக்கு மூக்கும் மற்றவருக்குக் காலும் முறிந்து வைத்தியசாலைக்குச் சென்றார்கள்.

ஆனால் அஸ்கிரியவின் உச்ச நாள் 2007 டிசம்பர் 3. எதிரணி இங்கிலாந்து. அன்று காலை, கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் போல் கொலிங்வூட்டின் விக்கட்டைச் சாய்த்தார். அது அவரது 709-ஆவது டெஸ்ட் விக்கட். ஷேன் வோர்னின் 708 என்ற உலக சாதனை சொந்த ஊர் மண்ணில் முறிந்தது. அதே ஆட்டத்தில் சங்கக்கார 92-உம் 152-உம் எடுத்தார். சனத் ஜயசூரிய தம் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் அண்டர்சனின் ஒரே ஓவரில் ஆறு நான்குகள் விளாசி விடைபெற்றார். இலங்கை 88 ஓட்டங்களால் வென்றது. இத்தனையும் ஒரே ஆட்டத்தில் நிகழ்ந்தபின் மைதானமும் இனிப் போதும் என்று நினைத்துவிட்டது போலும். இங்கே நடைபெற்ற இருபத்தொரு டெஸ்ட் ஆட்டங்களுள் அதுவே கடைசி. இப்பொழுது அஸ்கிரிய மறுபடியும் மாணவர்களின் மைதானம். நாம் போனபோது வெள்ளுடை அணிந்த பையன்கள் வலைக்குள் பந்து வீசிப் பழகிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியின் உடைமை என்பதால் முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு போவதே முறை.

அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சென்றோம். வழியில் நித்தவெல. கண்டி விளையாட்டுக் கழகத்தின் ரக்பி மைதானம் இது. கழகம் 1874-இல் தொடங்கியது. தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்காய் வந்த ஆட்டம், இன்று சந்தையில் மரக்கறி விற்பவர் முதல் வங்கி முகாமையாளர் வரை எல்லாருக்கும் பைத்தியமாய் முற்றியிருக்கிறது. நம்மவர்கள் இதனை 'றகர்' என்பார்கள். ஆட்டநாளில் இவ்வழியே பஸ்ஸிற் செல்பவர்கள் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியின் அருகே புனித அந்தோனியார் கல்லூரி. முரளிதரன் விடுதியில் தங்கிப் படித்தது இங்கேதான். தொடக்கத்தில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். பதினான்கு வயதளவில், சுழற்பந்து வீசிப் பார் என்று பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்ன ஒரு சொல்லே கிரிக்கட் வரலாற்றைத் திருப்பிவிட்டது. அந்த மணிக்கட்டு இங்கே சுழலத் தொடங்கி, 2010 ஜூலை 22-ஆந் திகதி காலியில் 800-ஆவது விக்கட்டோடு ஓய்ந்தது. இக்கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும், கிங்ஸ்வூட்டுக்கும் தர்மராஜ கல்லூரிக்கும் ஆண்டுதோறும் நடைபெறும் பெரும் போட்டிகளைக் காண வாய்ப்பவர்கள் விட்டுவிடலாகாது. பேராதனைப் பல்கலைக்கழக மைதானத்தையும் பார்க்க எண்ணியிருந்தோம். பொழுது போதவில்லை. திகனவுக்கப்பால் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் கோல்ப் மைதானம் ஒன்றும் உண்டு. அதன் அழகைப் புகழாதவர் இல்லை. ஆனால் அது பந்தயம் பார்க்கும் இடமன்று, பணம் படைத்தோர் உலாவும் இடம்.

பகலுணவுக்குப்பின் மஹியங்கனை வீதியிற் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். தென்னகும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்ததும் மலைகள் சற்றே விலகுகின்றன, நிலம் விரிகிறது. தும்பறைப் பள்ளத்தாக்கு இது. வழியில் வருவது குண்டசாலை. முரளிதரனின் தந்தையார் சின்னசாமி முத்தையா பிஸ்கட் தொழில் நடத்தி முன்னேறிய ஊர். முரளியின் பாட்டனார் 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்ய வந்தவர். முதுமையில் அவர் தாயகம் திரும்பிவிட்டார், பிள்ளைகள் இங்கேயே நிலைத்தார்கள். 1977 வன்செயலில் அக்குடும்பமும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. பஸ் ஜன்னல் வழியே குண்டசாலையைப் பார்த்தபோது, அடிபட்டும் பெயராமல் நின்ற அந்த வீட்டாரை எண்ணிக்கொண்டோம்.

நகரிலிருந்து ஏறக்குறைய அரைமணிநேரப் பயணத்தில் பல்லேகலை சர்வதேசக் கிரிக்கட் அரங்கு. 2011 உலகக் கிண்ணப் போட்டியை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டு, 2009 நவம்பரில் திறந்துவைக்கப்பட்டது. 35,000 பேர் அமரலாம் என்பது கணக்கு. ஒருபுறம் உயர்ந்த பார்வையாளர் மாடங்கள், மறுபுறம் புல்மேடு. அப்பால் அடுக்கடுக்காய் நீலமலைகள். குடும்பத்தோடு வருபவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது புல்மேட்டைத்தான். பாயை விரித்துச் சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டு நாள் முழுவதும் இருக்கலாம். குடையை மட்டும் மறக்கவேண்டாம். 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகளுடன் இங்கே ஆடிய முதல் டெஸ்ட் மழையால் முடிவின்றிப் போயிற்று. 2023 செப்டெம்பர் 2-ஆந் திகதி ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோத, உலகமே கண்விழித்துக் காத்திருந்தது. இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்தது. அதன்பின் மலையிறங்கி வந்த மழை பாகிஸ்தானை மட்டை பிடிக்கவே விடவில்லை.

வெயில் காய்ந்த நாட்களும் உண்டு. 2011 மார்ச்சில் நியூசிலாந்தின் ரோஸ் டெயிலர் தம் பிறந்த நாளன்று ஆட்டமிழக்காது 131 எடுத்துப் பாகிஸ்தானைத் திணறடித்தார். 2015-இல் அதே பாகிஸ்தான் டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம் இன்னிங்ஸில் 377 ஓட்டங்களைத் துரத்தி வென்றது. யூனிஸ்கான் ஆட்டமிழக்காமல் 171.

அரங்கின் பெயரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். முரளிதரன் ஓய்வுபெற்ற 2010-இல், இவ்வரங்குக்கு அவர் பெயரைச் சூட்டுவதென்று மத்திய மாகாண சபை தீர்மானித்தது. செய்தி வெளிவந்தது, மகிழ்ந்தோம். ஆனால் பல்லேகலை என்ற பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. "முரளியின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" என்று மருமகன் வாயிலில் தேடினான். இம்மைதானத்தில் முரளி ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடியவரல்லர், முதல் டெஸ்டுக்கு முன்பே அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்று சமாதானம் சொன்னோம். "பெயர் வைக்க ஆட வேண்டுமா?" என்று திருப்பிக் கேட்டான். நம்மிடம் விடையில்லை. தீர்மானித்தவர்கள் தீர்மானத்தை நிறைவேற்றியிருக்கலாம் என்பதே நம் எண்ணமும்.

இன்னொரு வேடிக்கை. போகம்பரை மைதானத்துக்கு அண்மையில் 1876 முதல் இருந்துவந்த பெருஞ்சிறைச்சாலையும் 2014-இன் தொடக்கத்தில் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கே மாற்றப்பட்டார்கள். கண்டிக்குள் இடம் போதாத யாவும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேருகின்றன.

நகருக்குத் திரும்பியபோது மாலை நான்கு மணி. ரயிலுக்கு நேரமிருந்தது. நகரின் தெற்கே எழும் ஹந்தானை மலைக்கு ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்தோம். காலையிற் பெற்ற பாடத்தை மறந்துவிடவில்லை. ஹந்தானையில் தேயிலையும் உண்டு, தேயிலையோடு நம் மக்களும் உண்டு. மேலேறி நின்று பார்த்தால் நகரம் கிண்ணத்தின் அடியிற் கிடப்பது தெளிவாகத் தெரிகிறது.

தோட்டத் துரைமார் தாம் ஆடுவதற்குத் தேயிலை மலைகளின் நடுவேயும் மைதானம் அமைத்துக்கொண்டார்கள். டிக்கோயாவின் தரவளை மைதானத்தை மலையக வாசகர்கள் அறிவார்கள். மலையை வெட்டவும், நிரவவும், புல் நடவும் கைகள் இருந்தன. அக்கைகளுக்கு உரியவர்களின் பிள்ளைகளுக்கு வாய்த்த சமதரை, காலையில் பெயர்ப்பதிவு நடக்கும் பிரட்டுக்களமும், லயத்தின் முன்னுள்ள நாலு முழ வாசலுமே. டங்கன் வைட் வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பிய அதே 1948-இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் உரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 ஆயிற்று. அந்த இடைக்காலத்திலேதான், தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன் இந்நாட்டின் சின்னத்தை மார்பில் அணிந்து பந்து வீசினார்.

வண்டி நின்ற இடத்துக்குக் கீழே ஒரு லயம். அதன் வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் கிரிக்கட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தென்னை மட்டை, மண்ணெண்ணெய்த் தகரமே விக்கட். ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. மருமகன் டென்னிஸ் பந்தைக் காட்டியதும் ஆட்டத்திற் சேர்த்துக்கொண்டார்கள். சட்டத்தை ஒரு சிறுமி எடுத்துச் சொன்னாள்: சுவரிற் பட்டால் இரண்டு ஓட்டம், லயத்துக் கூரையில் விழுந்தால் நான்கு, பள்ளத்தில் அடித்தால் ஆட்டமிழப்பு, அடித்தவனே இறங்கிப் பந்தை எடுத்துவரவும் வேண்டும்.

"ஏன் பள்ளத்தில் அடித்தால் அவுட்?" என்றான் இவன்.

"பந்து போய்விட்டால் விளையாட்டே போய்விடுமே!" என்றாள் அவள்.

மூன்றாம் பந்தை நம் மருமகன் பலங்கொண்ட மட்டும் வீசியடித்தான். கொழும்பு மைதானமாயிருந்தால் ஆறு ஓட்டம். பந்து தேயிலைச் செடிகளின் மேலாகப் பறந்து, சரிவில் எங்கோ மறைந்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலாய் "அவுட்!" என்று கத்தினார்கள். மட்டையைச் சிறுமியிடம் கொடுத்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கினான். அவனுக்கு வழிகாட்ட இரண்டு பையன்களும் கூடவே இறங்கினார்கள். அவர்கள் பந்தோடு மேலேறி வருவதற்குள் நாலரை மணி ரயில் போய்விட்டது.